கல்லீரலும் ஒரு தொழிலாளிதான்!



குடியின் தீமையைப் பற்றி நம் தோட்டங்களில் பேசப்படாத நாள் கிடையாது. கோயில் திருவிழா மேடையிலே பேசுகிறோம். கருமாதி வீட்டிலே பேசுகிறோம். சங்கக் கிளையின் ஆண்டுக் கூட்டத்திலே தீர்மானம் போட்டுப் பேசுகிறோம். கேட்கிற மனிதனும் தலையை ஆட்டுகிறான். சம்பள நாள் வந்ததும் கடைப் பக்கம் நடையைக் கட்டுகிறான். ஏன்?

குடி பாவம் என்றால், வருஷத்துக்கு ஒரு முறை காவடி எடுத்துக் கழித்துவிடலாம் என்று அவன் நினைக்கிறான். பணம் பாழாகிறது என்றால், "பனியிலும் கொசுக்கடியிலும் மரம் வெட்டினவன் நான், காசு என்னுடையது" என்கிறான். குடும்ப மானம் போகிறது என்றால், "எந்த வீட்டில்தான் இல்லை?" என்று திருப்பிக் கேட்கிறான். இவற்றுக்கெல்லாம் அவனிடம் பதில் தயாராக இருக்கிறது. ஆனால் குடித்த சரக்கு தொண்டையைத் தாண்டிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவனுக்கு யாரும் விளங்கச் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இன்று எழுத முற்படுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். தோட்டத்துக் கிராணி. யார் எந்த வேலையில் நின்றார், எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார் என்று அன்றாடம் செக்ரோல் எழுதுகிறவன். மருத்துவ நூல்கள் விளக்கும் விஷயத்தை அந்தக் கணக்கு முறையிலேயே சொன்னால் நம்மவர்களுக்கு எளிதில் பிடிபடும் என்பது என் நம்பிக்கை. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். மது, கல்லீரலை அதன் சொந்த வேலையிலிருந்து பிடுங்கித் தன் வேலைக்கு இழுத்துக்கொள்கிறது. உடம்பை நம்பிப் பிழைக்கிற தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்றும் இல்லை.

கல்லீரலின் செக்ரோல்

வலப்பக்க விலா எலும்புக்குள்ளே, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது கல்லீரல். அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பொது விடுமுறை கிடையாது. நாம் உண்ட சோற்றிலிருந்து வரும் சர்க்கரையைச் சேமித்து வைத்து, பசி நேரத்தில் ரத்தத்துக்கு அளந்து கொடுப்பது அதன் வேலை. சேமிப்புத் தீர்ந்தால் புதிதாகச் சர்க்கரையைத் தயாரிப்பதும் அதன் வேலை. கொழுப்பை எரிப்பது, கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த நீரைச் சுரப்பது, உளி பட்டு ரத்தம் வந்தால் அது உறைவதற்கு வேண்டிய பொருள்களைச் செய்வது, உடம்பில் உண்டாகும் அம்மோனியா என்னும் நச்சை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புவது, நாம் விழுங்கும் மருந்துகளைப் பக்குவப்படுத்தி வெளியேற்றுவது, எல்லாம் இந்த ஒரே தொழிலாளியின் பெயரில் எழுதியிருக்கிறது.

இத்தனையும் செய்கிற கல்லீரல் முறையிடுவதில்லை. அதன் உட்பகுதியில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. பாதி கெட்ட பின்னும் அது வாய் திறப்பதில்லை. "எனக்கு ஒரு வலியும் இல்லையே, கல்லீரல் கெட்டிருந்தால் தெரியாதா?" என்று கேட்கும் தோழர்கள் இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

காலி வாளி இல்லையென்றால் வேலை ஏது?

சோறோ மீனோ உள்ளே போனால் அதைச் செரிக்க நேரம் பிடிக்கும். மதுவுக்கு அந்தத் தாமதமில்லை. இரைப்பையிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதில் சிறு பகுதி மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் போகும். பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் கல்லீரலின் தலையில்தான் விழுகிறது. உடம்பில் மதுவைச் சேர்த்து வைக்க இடமும் இல்லை. ஆகையால் அது வந்துவிட்டால், மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு முதலில் அதைத் தீர்த்தாக வேண்டும்.

தீர்ப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் ஒரு நொதி, மதுவை அசிட்டால்டிஹைடு என்னும் பொருளாக மாற்றுகிறது. இது மதுவைவிடக் கொடிய நஞ்சு. இரண்டாம் கட்டத்தில் இன்னொரு நொதி, அந்த நஞ்சை அசிட்டேட் ஆக மாற்றுகிறது. வினிகரின் புளிப்புக்குக் காரணமான அமிலத்தின் இனம் அது. பிறகு அது ரத்தத்தில் போய், நீராகவும் கரியமில வாயுவாகவும் முடிகிறது. நம் சீன நண்பர்களில் சிலருக்கு அரைக் கிளாஸ் பீர் குடித்ததுமே முகம் சிவந்து நெஞ்சு படபடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிறவியிலேயே அவர்களுக்கு இரண்டாம் நொதி வலுக்குறைந்திருப்பதால், அந்த நஞ்சு தேங்கி நின்று செய்யும் வேலை அது.

இங்கேதான் கணக்கு ஆரம்பமாகிறது. இந்த இரண்டு கட்டத்திலும் மதுவிலிருந்து ஹைட்ரஜன் கழற்றப்படுகிறது. அதை ஏந்திச் செல்ல என்.ஏ.டி. என்னும் பொருள் வேண்டும். நம் காண்டா வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்காரர் காலி வாளியோடு போகிறார், பாலை நிரப்புகிறார், ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றுகிறார், காலி வாளியோடு திரும்புகிறார். என்.ஏ.டி. என்பது காலி வாளி. ஹைட்ரஜன் ஏறியதும் அது நிறைந்த வாளி. மதுவின் ஒவ்வொரு மூலக்கூறும் முதல் கட்டத்தில் ஒரு வாளியையும் இரண்டாம் கட்டத்தில் இன்னொரு வாளியையும் நிரப்பிவிடுகிறது. ஸ்டோரோ ஒரு மணி நேரத்துக்கு இத்தனை வாளிதான் வாங்கும் என்ற வரம்புள்ளது. சிறிது நேரத்தில் கல்லீரலில் எங்கே பார்த்தாலும் நிறைந்த வாளிகள். காலி வாளி கிடைப்பது அரிதாகிவிடுகிறது.

கல்லீரலின் மற்ற வேலைகளுக்கும் அதே காலி வாளிதான் வேண்டும் என்பதுதான் சங்கடம். கொழுப்பை எரிக்கக் காலி வாளி வேண்டும். கிடைக்காததால் கொழுப்பு எரியாமல் கல்லீரலின் உயிரணுக்களிலேயே தங்குகிறது. போதாததற்குப் புதுக் கொழுப்பும் அங்கே கூடுதலாக உற்பத்தியாகிறது. உழைத்த தசையிலிருந்து வரும் லாக்டிக் அமிலத்தைச் சர்க்கரையாகத் திருப்பக் காலி வாளி வேண்டும். கிடைக்காததால் சர்க்கரைத் தயாரிப்பு முடங்குகிறது, அமிலம் ரத்தத்தில் கூடுகிறது. அமிலம் கூடினால் யூரிக் அமிலம் சிறுநீரில் இறங்குவதும் தடைப்படும். சம்பளக் குடிக்கு மறுநாள் கால் பெருவிரல் சிவந்து வீங்கித் துடிக்கிற மனிதருக்கு அந்த வேதனை எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும்.

வெறும் வயிறும் சம்சுவும்

காலை நாலரை மணிக்கு எழுந்து, வரக்காப்பியோடு பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு நிரை நிரையாக நடந்து மரம் வெட்டுகிற உடம்பு எவ்வளவு சர்க்கரையைச் செலவழிக்கும்? கல்லீரலின் சேமிப்பு ஒரு நாள் பட்டினிக்குக்கூடத் தாங்காது. மாலையில் சோறு இறங்காமல் வெறும் வயிற்றில் சம்சுவை ஊற்றிக்கொண்டு படுத்துவிட்டால், இரவிலே சேமிப்புக் கரைந்துவிடும். புதிதாகச் சர்க்கரையைச் செய்யவேண்டிய கல்லீரலோ மதுவின் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்குகிறது.

அதன் அடையாளங்கள் என்ன? கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, குழறிய பேச்சு, தள்ளாட்டம், நினைவிழப்பு. இவை போதையின் அடையாளங்கள் போலவே இருப்பதுதான் கொடுமை. "ஏறிப்போய்விட்டது, தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும்" என்று திண்ணையில் கிடத்திவிடுகிறோம். சிலர் காலையில் எழுந்திருப்பதே இல்லை. தட்டியும் கிள்ளியும் எழாத மனிதனைத் தூங்க விடாதீர்கள். வாந்தி மூச்சில் அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

"நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது" என்று ஒரு கட்சி இருக்கிறது. சாப்பாடு மது ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும், அது உண்மை. ஆனால் கல்லீரலுக்குப் போய்ச் சேர்கிற பங்கு போய்த்தான் சேரும். ஒரு காலத்தில் மருத்துவர்களே, குடிகாரனின் கல்லீரல் கெடுவது சத்துக் குறைவால்தான் என்று நம்பியிருந்தார்கள். நியூயார்க்கில் ஆராய்ச்சி நடத்திய டாக்டர் சார்லஸ் லீபரும் அவருடைய கூட்டத்தாரும் 1960-களிலும் 1970-களிலும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சத்துணவோடு மது கொடுக்கப்பட்ட மனிதர்களின் கல்லீரலில் கொழுப்பு ஏறியது. சத்துணவோடு நீண்ட காலம் மது கொடுக்கப்பட்ட பபூன் குரங்குகளில் சிலவற்றுக்குக் கல்லீரல் வடுப்பட்டு இறுகியே போயிற்று. ஆட்டுக்கறியைத் தொட்டுக்கொண்டு குடித்தாலும் நஞ்சு நஞ்சுதான்.

கிராணியின் கணக்கு

இப்போது நேரக் கணக்கு. சராசரி மனிதனின் கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் மதுவைத்தான் தீர்க்கும். கணக்குக்கு 8 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

நூற்றுக்கு 40 பங்கு மதுவுள்ள சம்சு 150 மில்லி குடித்தால், அதில் சுத்த மது 60 மில்லி. எடை போட்டால் ஏறத்தாழ 47 கிராம். தீர்க்க ஆறு மணி நேரம். அந்த அளவில் இரண்டு மடங்கு குடித்தால் பன்னிரண்டு மணி நேரம். இரவு எட்டு மணிக்கு அதைத் தொடங்கினவனின் கல்லீரல், மறுநாள் காலை எட்டு மணி வரை மதுவின் வேலையில்தான் நிற்கிறது. அவனோ ஆறு மணிக்கே கையில் உளியோடு மரத்தடியில் நிற்கிறான், அல்லது மோட்டார் சைக்கிளில் செம்மண் சடக்கில் போய்க்கொண்டிருக்கிறான். வேலைக்கு வந்தான் என்று நான் செக்ரோலில் கோடு போடுகிறேன். கல்லீரலின் செக்ரோலில் அவன் இன்னும் நேற்றைய இரவில்தான் இருக்கிறான்.

பீர் என்றால் பரவாயில்லை என்பாரும் உண்டு. 640 மில்லி பெரிய போத்தல், நூற்றுக்கு 5 பங்கு மது என்றால், 25 கிராம். மூன்று மணி நேர வேலை. கள்ளும் ஏறத்தாழ அதே பலந்தான். "கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி" என்று பெரியவர்கள் சொல்லலாம். கல்லீரல் கள், பீர், சம்சு, பிராந்தி என்று பேர் கேட்பதில்லை. கிராம் கணக்குத்தான் அதற்குத் தெரியும்.

வரக்காப்பி, மோர், எலுமிச்சம்பழம், தலையில் நாலு வாளிப் பச்சைத் தண்ணீர், இவை எதுவும் அந்த ஆறு மணியை ஐந்து மணியாக்கா. தூக்கம் கலையலாம், மது கலையாது. பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. அதே அளவு குடித்தால் பெண்ணின் ரத்தத்தில் மது கூடுதலாக ஏறும், கல்லீரலும் விரைவில் கெடும்.

"எத்தனை ஊற்றினாலும் அசையமாட்டான்!"

ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் இருப்பார். எவ்வளவு குடித்தாலும் நேராக நடப்பார். "அண்ணன் உடம்பு இரும்பு" என்று இளைஞர்கள் வியப்பார்கள். தோழர்களே, அந்தப் பெருமையை உரித்துப் பார்க்க வேண்டும்.

மூளை பழகிப்போவது ஒரு காரணம். இன்னொரு காரணம் கல்லீரலில் இருக்கிறது. நான் சொன்ன பாதையல்லாமல் கல்லீரலுக்கு மதுவைத் தீர்க்க இரண்டாம் பாதை ஒன்றும் உண்டு. அதை 1968-ம் ஆண்டு லீபரும் லியோனார் டிகார்லியும் விளக்கினார்கள். சாதாரண மனிதனுக்கு அதில் அதிக வேலை இல்லை. தினமும் குடிப்பவனுக்கு, வேலை மிஞ்சிப்போன தோட்டத்தில் ஒப்பந்த ஆட்களை இறக்குவது போல, அந்தப் பாதை பெருகுகிறது. மது சீக்கிரம் தீர்கிறது. அதனால் முன்பு ஒரு கிளாஸில் கிடைத்த போதைக்கு இப்போது மூன்று கிளாஸ் வேண்டியிருக்கிறது. அந்தப் பாதை ஓடும்போது உயிரணுக்களை அரிக்கும் கழிவுகளும் கூடவே உண்டாகின்றன. ஆக, அசையாமல் நிற்பவர் பலசாலி என்று பொருளில்லை. அவர் கல்லீரலில் ஓவர்டைம் நடக்கிறது என்று பொருள்.

இன்னொரு விபரீதமும் உண்டு. குடித்த மறுநாள் தலைவலிக்கு நாம் விழுங்குவது பனடால். அதில் உள்ள பாராசிட்டமாலின் ஒரு பகுதியை இதே இரண்டாம் பாதை ஒரு நஞ்சாக மாற்றுகிறது. அந்த நஞ்சை அடக்கக் கல்லீரலிடம் குளூட்டாதையோன் என்ற காவல் பொருள் இருக்கிறது. தினக் குடியாலும் பட்டினியாலும் அந்தக் காவல் குறைந்திருக்கும். மற்றவனுக்குத் தீங்கில்லாத மாத்திரை, தினமும் குடிப்பவன் அளவு மீறி விழுங்கினால் கல்லீரலையே அழித்துவிடக்கூடும். காசநோய்க்குக் கொடுக்கப்படும் ஐசோனியாசிட் மருந்தும் குடியோடு சேர்ந்தால் கல்லீரலைத் தாக்கும். மருந்து வாங்கும்போது "நான் குடிப்பவன்" என்று மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

பட்டையும் காயமும்

கல்லீரல் கெடுவதற்குப் படிகள் உண்டு. வெட்டுக்காரருக்கு மரத்தைக் காட்டிச் சொன்னால் போதும்.

உளி பட்டையை மட்டும் சீவினால், மரத்துக்கு ஓய்வு கொடுத்தால், பட்டை மறுபடி வளர்கிறது. உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால், அந்த இடம் முண்டும் முடிச்சுமாக மூடிக்கொள்கிறது. அங்கே பிறகு ஒழுங்காக வெட்ட முடியாது. கல்லீரலும் அப்படியே. தொடர்ந்து மிகுதியாகக் குடிப்பவர்களில் நூற்றுக்கு 90 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடுகிறது. இது பட்டை சீவின நிலை. குடியை நிறுத்தினால் நாலு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நான் இக்கட்டுரையில் எழுதியதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நாலு முதல் ஆறு வாரம்! ஒரு சம்பளத்துக்கும் மறு சம்பளத்துக்கும் இடைப்பட்ட காலம்.

நிறுத்தாமல் போனால் சிலருக்கு அழற்சி உண்டாகிறது. காய்ச்சல், மஞ்சள் காமாலை, வயிற்று வலி வரும். அதற்கும் மேலே போனால் நல்ல சதை அழிந்து, வடு வலைபோல் பின்னிக் கல்லீரல் இறுகுகிறது. அதுதான் சிரோசிஸ். மிகுதியாகக் குடிப்பவர்களில் நூற்றுக்கு 10 முதல் 20 பேர் வரை இந்த நிலையை அடைகிறார்கள். அந்தப் பத்துப் பேரில் நான் இருக்கமாட்டேன் என்று நினைப்பது, நாலு நம்பர் எழுதிவிட்டு வீடு கட்டத் திட்டம் போடுவதை ஒத்தது. இறுகிய கல்லீரலில் புற்றுநோயும் வரலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மதுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988-ம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது.

கல்லீரல் இறுகியவருக்கு வயிற்றில் நீர் கோத்துப் பானைபோல் ஆகும். கால் வீங்கும். ரத்த வாந்தி வரும். ஒரு நாள் புத்தி தடுமாறி, பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் பேசுவார். பேய் பிடித்தது என்று பூசாரியை அழைத்து வருவதுண்டு. பேயின் பெயர் அம்மோனியா. பால் உறைந்துவிடாமல் இருக்க நாம் சேர்ப்போமே, மூக்கைத் துளைக்கும் அதே அம்மோனியா. குடலில் உண்டாகும் அதைப் பிடித்து யூரியாவாக மாற்ற வேண்டிய தொழிலாளி விழுந்துவிட்டதால், அது நேராக மூளைக்குப் போகிறது. அவருக்கு வேண்டியது வேப்பிலை அல்ல, மருத்துவமனை.

கள்ளச் சரக்கின் கதை

2018-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிலாங்கூரிலும் கோலாலம்பூர் சுற்று வட்டாரத்திலும் கலப்பட மது குடித்து 40-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்கள். அந்தச் சரக்கில் இருந்தது மெத்தனால்.

மெத்தனாலைக் கல்லீரல் எப்படிக் கையாளுகிறது? மதுவை மாற்றுகிற அதே நொதி அதையும் மாற்றுகிறது. முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் அது! அந்த ஆசிட் கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது. ரத்தத்தைப் புளிக்க வைத்து உயிரைப் பறிக்கிறது. குடித்தவுடன் தெரியாது. பன்னிரண்டு மணி, இருபத்து நாலு மணி கழித்துக் கண் மங்கும், வாந்தி வரும், மூச்சு வாங்கும். மருத்துவமனைக்கு விரைந்தால் அந்த நொதியைத் தடுக்கும் மாற்று மருந்து உண்டு, ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் உண்டு. தாமதித்தால் ஒன்றும் இல்லை. சீல் இல்லாத போத்தல், விலை மலிந்த சரக்கு, பின் கதவு வழியாக வருவது, இவற்றைத் தொடாதீர்கள். பிறநாட்டுத் தோழருக்கும் இதை அவர் பாஷையில் சொல்லி வையுங்கள்.

குற்றம் யாருடையது?

இவ்வளவு சொன்ன பிறகு, "தோட்டத்துத் தமிழன் குடிகாரன், அவன் தலைவிதி" என்று சிலர் இதை நம் தலையிலேயே கட்டிவிடப் பார்ப்பார்கள். அதற்கு நாம் இடங்கொடுக்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே, சர்க்கார் லைசென்சோடு கள்ளுக்கடை வைக்கப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கான கூரை இல்லாத தோட்டத்திலும் கள்ளுக்கடை இருந்தது. 1941-ம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் நம் முன்னோர் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. யுத்தத்துக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளை எதிர்த்து அணிவகுத்தார்கள். கல்லீரலின் ரசாயனம் அவர்களுக்குத் தெரியாது. தொழிலாளியின் உடம்பே அவன் முதல் என்பது தெரிந்திருந்தது.

இன்று தோட்டங்கள் பல துண்டாகி வீடமைப்பாகிவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் மக்களில் பெரும்பாலோர் பட்டணத்து அடுக்குவீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆனால் மலிவுச் சரக்கு அவர்களைப் பின்தொடர்ந்து அங்கேயும் போயிருக்கிறது. ஆகவே கடமை முடியவில்லை.

நாம் செய்ய வேண்டியவை என்ன?

முதலாவதாக, குடிக்கிறவரைக் கேலி செய்வதை நிறுத்துவோம். அவர் நோயாளி என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போவோம். அரசாங்க சுகாதார மருந்தகத்தில் ஒரு வெள்ளி கட்டினால் குடிமக்கள் மருத்துவரைப் பார்க்கலாம். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை கேட்கலாம்.

இரண்டாவதாக, பல வருஷமாகத் தினமும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நடுக்கம், வலிப்பு, புத்தி பேதலிப்பு வந்து உயிருக்கே மோசமாகலாம். மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். சாமி மேல் சத்தியம் செய்யட்டும், நல்லது. சத்தியம் செய்தவரை மருந்தகத்துக்கும் கூட்டிப் போங்கள்.

மூன்றாவதாக, 1994-ம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. வேலைக்கு முன் வயிற்றுக்கு ஏதாவது கிடைக்க வழி, குடி நோயாளிக்கு வேலை நீக்கத்துக்கு முன் சிகிச்சைக்கு லீவு, இவற்றை அந்தக் குழுவில் கிளைத் தலைவர்கள் எழுப்ப வேண்டும்.

நான்காவதாக, 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது சட்டப்படி தவறு. நம் பிள்ளைகளுக்கு விற்கும் கடை எது என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் மௌனமாக இருப்பது ஏன்?

சங்கம் என்பது வாய் பேச முடியாதவனுக்காகப் பேசுவதற்கு ஏற்பட்டது. ஒவ்வொரு தொழிலாளியின் விலாவுக்குள்ளும் வாய் பேச முடியாத ஒரு தொழிலாளி இருக்கிறான். சம்பளம் கேட்காமல், லீவு கேட்காமல், நமக்காக இரவும் பகலும் வேலை செய்கிறான். அவனுக்கு நாலு வாரம் ஓய்வு கொடுங்கள். அவன் தன் சொந்த வேலைக்குத் திரும்பட்டும். நியாயமான சம்பளத்துக்காக நிர்வாகத்தோடு போராடுகிற நாம், அந்தச் சம்பளத்தை உண்டு வாழ ஓர் உடம்பையும் காப்பாற்றி வைத்துக்கொள்ள வேண்டாமா? சிந்தியுங்கள், தோழர்களே!